பாண்டுப் நீரும் பள்ளிப் பாடமும்

மும்பையில் வாழும் நம்மவர் இல்லங்களில் விடியற்காலையில் முதலில் கேட்பது குழாயில் நீர் வரும் ஒலியே. தாராவியாயினும் செம்பூராயினும், அவ்வொலி கேட்டவுடன் குடங்கள் வரிசையில் வந்து நிற்கும். அவ்வீட்டின் ஒரு மூலையில், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, குளோரின் நுண்ணுயிர்களைக் கொல்லும் என்று உருப்போட்டுக் கொண்டிருக்கும். புத்தகத்தில் உள்ள குளோரினே குடத்திலும் இருக்கிறது என்று அப்பிள்ளைக்கு எடுத்துரைப்பார் பெரும்பாலும் இலர். இவ்விரண்டையும் இணைக்கும் வரலாறு ஒன்றை இப்போது காண்போம்.

பழைய பம்பாய்த் தீவு கிணறுகளையும் குளங்களையும் நம்பியே வாழ்ந்தது. மக்கள்தொகை பெருகப் பெருக அவை போதாவாயின. 1856இல், இன்றைய பாண்டுப்புக்கு மேற்கேயுள்ள குன்றுகளிடையே மித்தி ஆற்றைத் தடுத்து விஹார் ஏரியை அமைக்கத் தொடங்கினர். 1860இல் அவ்வேலை முடிந்தது. தாராவியின் ஓரமாய் ஓடிக் கடலில் கலக்கின்றதே, அந்த மித்தி ஆறுதான் இது. 1879இல் துள்சி, 1892இல் தான்சா என ஏரிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

விஹார் கட்டப்பட்ட நாளில், காலரா எதனால் வருகிறது என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேற்றுமை இருந்தது. அது நீரின் வழியே பரவுகிறது என்று 1854இல் லண்டனில் ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் காட்டினார். பலர் அதை ஏற்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1884இல், ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் கல்கத்தாவில் அந்நோயின் கிருமியைப் பிரித்துக் காட்டினார்.

குழாய் நீர் வந்த பின்னும் பம்பாயில் கிணறுகள் மூடப்படவில்லை. மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்பதை 1897இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். அதன் பின்னர் டாக்டர் பென்ட்லி என்பவர் பம்பாயின் மலேரியாவை ஆராய்ந்து, 1911இல் அறிக்கை வெளியிட்டார். அனாபிலிஸ் ஸ்டீபன்ஸி என்னும் கொசு வீட்டுக் கிணறுகளில் பெருகுகிறது என்பது அதன் சாரம். கிணறுகளை மூடுமாறு நகராண்மைக் கழகம் வற்புறுத்தியது. வழிபாட்டுக்குக் கிணற்று நீரே வேண்டும் என்று பலர் எதிர்த்தனர். சில கிணறுகள் தப்பின. 1725இல் தோண்டப்பட்ட பிக்கா பெஹ்ராம் கிணறு சர்ச்கேட்டின் அருகே இன்றும் உள்ளது. ஏனைய பல மூடப்பட்டன. உயிரியல் பாடம் ஒன்று ஒரு மாநகரத்தின் தோற்றத்தையே மாற்றியது எனலாம்.

இனி இரசாயனத்துக்கு வருவோம். வைதர்ணா, தான்சா முதலிய தொலைதூர ஏரிகளின் நீர் பெருங்குழாய்களில் பாண்டுப்பை வந்தடைகிறது. அங்குள்ள சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 191 கோடி லிட்டர் நீரைத் தூய்மை செய்யும் திறனோடு அமைக்கப்பட்டது; ஆசியாவின் மிகப் பெரிய நிலையங்களுள் ஒன்றாக அது எண்ணப்பட்டது. பின்னர் 90 கோடி லிட்டர் திறனுடைய மற்றொன்றும் அருகே எழுந்தது.

மழைக்கால நீரில் கலங்கலாய் மிதக்கும் களிமண் துகள்கள் யாவும் எதிர்மின்னூட்டம் உடையவை. ஆகவே ஒன்றையொன்று தள்ளுகின்றன. எவ்வளவு நேரம் வைத்தாலும் எளிதில் படிவதில்லை. படிகாரத்தையோ அதன் இனத்தைச் சேர்ந்த அலுமினிய உப்பையோ இட்டால், நேர்மின்னூட்டமுள்ள அலுமினியம் அவ்விலக்கலைத் தணிக்கிறது. துகள்கள் திரண்டு அடியில் அமர்கின்றன. தெளிந்த நீர் மணற்படுகை வழியே வடிகிறது. நம் ஊரில் பாட்டிமார் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துக் கலங்கல் நீரைத் தெளிவித்தனர் அன்றோ? கலித்தொகை இச்செய்தியை உவமையாக எடுத்தாள்கிறது. பொருள் வேறாயினும் நோக்கம் ஒன்றே: கலங்கலைத் திரளச் செய்து படிய வைத்தல்.

தெளிவு வேறு, தூய்மை வேறு. கண்ணாடி போன்ற நீரிலும் காலராக் கிருமி இருக்கலாம். ஆதலின் இறுதியில் குளோரின் சேர்க்கப்படுகிறது. அது நீரோடு கூடி ஹைப்போகுளோரஸ் அமிலமாகிக் கிருமிகளை அழிக்கிறது. தேவைக்குச் சற்று மிகுதியாகவே சேர்ப்பது வழக்கம். வழியில் மாசு புகுந்தால் அம்மிச்சம் காவல் நிற்க வேண்டும். குழாயின் கடைசி வீட்டிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது இந்தியத் தர விதி.

இக்கடைசி வீடே நம் கவலைக்குரியது. குழாய்கள் பல இடங்களில் சாக்கடையை ஒட்டிச் செல்கின்றன. நீர் சில மணி நேரமே வருகிறது. நின்றபின் அழுத்தம் குறைந்த குழாய், விரிசலின் வழியே வெளி நீரை உள்ளே உறிஞ்சிவிடுகிறது. கிடைத்த நீரைப் பீப்பாயில் பிடித்து நாட்கணக்கில் வைத்தால் குளோரின் மெல்ல மறைகிறது. பென்ட்லி கிணற்றில் கண்ட ஸ்டீபன்ஸி மூடாத மாடித் தொட்டியில் குடியேறுகிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையிடுகிறது. அம்முட்டை உலர்ந்தாலும் அழியாது. முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை பீப்பாயைக் கவிழ்த்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பதன் காரணம் இதுவே. வாழ்க்கைச் சுழற்சி என்று பத்து மதிப்பெண்ணுக்காக வரைகின்ற படம் அவ்வீட்டின் காய்ச்சலைத் தடுக்கும் படமுமாகும்.

இத்தொடர்பைப் பள்ளிகளில் உணர்த்த முயன்றோரும் உளர். 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 பள்ளிகளில், மாணவர் தாமே சோதனை செய்து கற்கும் திட்டம் தொடங்கியது. 1974இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அங்கமாக ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் மும்பையில் தோன்றியது. இன்று அது செம்பூரை அடுத்த மான்கூர்டில் இயங்குகிறது. பாடநூலின் கடின மொழியே ஏழைப் பிள்ளைகளுக்குத் தடையாக நிற்பதை அம்மையம் தொடக்கத்திலேயே ஆராய்ந்தது. வீட்டில் ஒரு மொழியும் வீதியில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியுமாக வளரும் நம் பிள்ளைகளுக்கு அத்தடை இருமடங்காகும். பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்வோடு அறிவை இணைத்தல் வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசியப் பாடத்திட்ட வடிவமைப்பும் கூறிற்று.

அவ்விணைப்புக்குத் தனிச் சோதனைக்கூடம் வேண்டுவதில்லை. நாளைக் காலை குடத்தை நிரப்பும்போது பிள்ளையை அருகே அழைப்போம். இந்நீர் எங்கிருந்து வந்தது, இதில் ஏன் மருந்து வாசனை வீசுகிறது, நேற்றுப் பிடித்த நீரில் அவ்வாசனை ஏன் இல்லை என்று நம் மொழியிலேயே கேட்போம். விடை புத்தகத்தில் இருக்கிறது. அதைத் தேடும் ஆவலைத் தருவது நம் கடமையாகும்.