காதும் வாயும் எழுதாத பரீட்சை

வேலூர் வட்டாரத்தில் ஆங்கிலம் முதலில் காதுக்கும் வாய்க்கும் வேலை கொடுக்கிற மொழி. பாகாயத்தில் வளாகம் கொண்ட கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களுடைய நிலையை மருத்துவர்கள் தங்களுக்குள் விவாதிப்பது ஆங்கிலத்தில். ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தோல் ஏற்றுமதி செய்கிறவர்கள் ஜெர்மனியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வாங்க வருகிறவர்களோடு தோலின் கனம், நிறம், சரக்கு போய்ச் சேரவேண்டிய நாள் எல்லாவற்றையும் பேசி முடிப்பதும் ஆங்கிலத்தில்தான். அந்தப் பேச்சில் இரண்டு பக்கத்தாருக்குமே அது தாய்மொழி அல்ல. ஆனால் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளின் ஆங்கிலத்தை ஒன்றரை நூற்றாண்டாக அளந்து வந்திருப்பது பேனாவும் தாளும். பிள்ளைகளின் கூச்சமோ ஆசிரியர்களின் அலட்சியமோ இதற்குக் காரணம் அல்ல என்பது என் வாதம். ஒரு தேர்வின் முடிவு யாருக்குத் தேவைப்படுகிறதோ, அவருடைய தேவைதான் அந்தத் தேர்வின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது.

அரசு வேலைக்கு ஆங்கிலம் படித்தவர்களுக்கே முன்னுரிமை என்று கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் 1844இல் அறிவித்தார். 1854இல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை வந்தது. அதைத் தொடர்ந்து 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாக வைத்துத் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் அது பாடம் நடத்தவில்லை. கல்லூரிகளை இணைத்துக்கொண்டு தேர்வு நடத்திப் பட்டம் வழங்கியது. இந்த ஏற்பாட்டில்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் வித்து இருக்கிறது. கற்பிப்பவர் ஓரிடம், மதிப்பிடுபவர் வேறிடம் என்றான பிறகு, இடையில் பயணம் செய்யக்கூடியது விடைத்தாள் மட்டுமே. மாணவனின் குரலை ரயிலில் ஏற்றி அனுப்ப அன்று வழி இல்லை. கோப்பு எழுதும் குமாஸ்தாக்களைத் தேடிய அரசுக்கும் அது போதுமானதாக இருந்தது. அமெரிக்க ஆற்காடு மிஷனின் வேலூர்ப் பள்ளி 1898இல் கல்லூரியாக உயர்ந்தது. ஊரிஸ் கல்லூரி என்று பெயர் பெற்ற அங்கே, பின்னாளில் குடியரசுத் தலைவரான இராதாகிருஷ்ணன் படித்தார். வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி 1919இல் வந்தது. தோல் வணிகம் செழித்த ஊரில் எழுந்த கல்லூரி அது. ஆனாலும் வணிகர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே எழுதியது குமாஸ்தாவுக்காக அமைந்த அதே தேர்வுதான்.

பேச்சை அளக்க அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும் என்று கேட்கலாம். தெரிந்திருந்தது. கேம்பிரிட்ஜ் 1913இல் பிற மொழியினருக்கென்று தொடங்கிய ஆங்கிலத் தேர்வில் முதல் ஆண்டிலேயே வாய்மொழிப் பகுதி இருந்தது. (எழுதியவர்கள் மூன்று பேர்; மூவரும் தேறவில்லை.) வாய்மொழித் தேர்வு ஆளுக்கு ஆள் மாறும், எழுத்துத் தேர்வுதான் நியாயமானது என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். இதற்குப் பதில் சொன்னவர் இந்தியாவை நன்கு அறிந்த ஒருவர். டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த பிலிப் ஹார்டாக், ரோட்ஸ் என்பவரோடு சேர்ந்து 1935இல் தேர்வுகளையே சோதித்துப் பார்த்தார். வரலாற்று விடைத்தாள்கள் 15ஐ 14 தேர்வாளர்கள் திருத்தினார்கள்; ஓராண்டுக்கு மேல் கழித்து அதே தாள்களை அதே ஆட்களிடம் மறுபடி கொடுத்தார்கள். 210 தீர்ப்புகளில் 92 மாறிவிட்டன. எழுத்துத் தேர்வின் நியாயம் என்று நாம் நம்பி வந்தது பெருமளவுக்குப் பழக்கம் தந்த நம்பிக்கைதான். வாய்மொழித் தேர்வாளர்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவது எப்படி என்பதைக் கேம்பிரிட்ஜில் ஜான் ரோச் 1945இலேயே ஆராய்ந்து எழுதினார். வழி இருந்தது, இங்கே கேட்பார் இல்லை.

தேர்வின் வடிவம் மாணவனின் தரத்தையே மாற்றிக் காட்டும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. 1979 முதல் 1984 வரை ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வாளர் என்.எஸ். பிரபு பெங்களூரை மையமாக வைத்து நடத்திய திட்டத்தில் சென்னை, கடலூர்ப் பள்ளிகளும் இருந்தன. இலக்கணப் பாடத்தை ஒதுக்கிவைத்து, ரயில் அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துக் கணக்கிட்டு விடை காணும் வேலைகள் மூலமே ஆங்கிலம் வரவேண்டும் என்பது அவர் எண்ணம். இதை மதிப்பிட வந்த ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் ஐந்து வகைத் தேர்வுகளை வைத்தார்கள். வழக்கமான முறையில் படித்தவர்கள் வாக்கிய அமைப்புத் தேர்வில் முந்தினார்கள். பிரபுவின் வகுப்பினர் செயல்வழித் தேர்வில் முந்தினார்கள். எந்தப் பக்கமும் சாயாதவை என்று வைத்த மற்ற தேர்வுகளில் பிரபுவின் வகுப்பினரே பெரும்பாலும் மேலாக இருந்தார்கள். ஒரே ஒரு வகைத் தேர்வை மட்டும் வைத்திருந்தால் அந்தப் பிள்ளைகளில் ஒரு பாதி ஆங்கிலம் வராதவர்களாகப் பதிவாகியிருப்பார்கள். பல தலைமுறைகளை நாம் அப்படித்தான் பதிவு செய்தோம் என்று நினைக்கையில் மனம் கனக்கிறது.

கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் நான்கையும் தனித்தனியே அளக்கும் தேர்வு இங்கே வலுவாக நுழைந்தது வெளிநாட்டு வேலை தேடிய செவிலியர்கள் வழியாக. வேலூரில் செவிலியர் பட்டப்படிப்பு 1946இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் செவிலியருக்கு எந்த ஆங்கிலம் வேண்டும் என்று கேட்டுத் தேர்வு வகுத்தது ஆஸ்திரேலியா. அங்கே 1980களில் டிம் மெக்னமாரா உருவாக்கிய ஓஇடி தேர்வில் பேச்சு என்பது நோயாளியோடு நடக்கும் உரையாடல். எழுத்து என்பது நோயாளியைப் பற்றி இன்னொரு மருத்துவப் பணியாளருக்கு எழுதும் கடிதம். பிரிட்டனின் செவிலியர் பதிவு மன்றம் 2017இல் அதை ஏற்றது. அதுவரை அந்த மன்றம் கேட்டு வந்த ஐஇஎல்டிஎஸ் தேர்வில் வெளிநாட்டுச் செவிலியர் பலர் எழுத்துப் பிரிவில் மட்டும் சற்றே தவறினார்கள் என்பதால், 2018 டிசம்பரில் அந்தப் பிரிவின் தேவையை 7இலிருந்து 6.5ஆகக் குறைத்தது. இது நம் பள்ளிகளை யோசிக்க வைக்கவேண்டிய செய்தி. மனப்பாடம் செய்த கட்டுரையைத் தாளில் இறக்கிவைப்பதற்கே மதிப்பெண் தந்த நம் பள்ளித் தேர்வு, எழுத்தை மட்டுமே அளந்தும் எழுத்தைக்கூட அளக்கவில்லை.

பேச்சை அளந்தால் கான்வென்ட் பிள்ளைகளுக்கே சாதகம் என்ற கவலை நேர்மையானது. ஆங்கிலேயர் போன்ற உச்சரிப்பை அளவுகோலாக்கினால் அது உண்மையாகவும் ஆகிவிடும். கேட்பவருக்குப் புரிந்ததா, வேலை நடந்ததா என்பதை அளவுகோலாக்கினால் ஆம்பூர்க்காரரின் ஆங்கிலம் எந்த ஊர் ஆங்கிலத்துக்கும் குறையாது. மேலும், தேர்வில் இல்லாத திறன் அரசுப் பள்ளி வகுப்பறைக்குள் வருவதே அரிது; அப்போது அது காசு கொடுத்துப் பயில்கிறவர்களுக்கு மட்டும் போய்ச் சேர்கிறது. லட்சக்கணக்கான பேரை எப்படிப் பேச வைத்துக் கேட்பது என்பார்கள். பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வுக்கு வெளித் தேர்வாளர் ஒருவர் ஒவ்வொரு ஆண்டும் பள்ளிக்குப் போகிறார். ஒவ்வொரு மாணவரும் உப்பைச் சோதித்துப் பெயர் சொல்வதை நின்று பார்க்கிறார். அதே பள்ளிக்கு, அதே வாரத்தில், மாணவர் ஆங்கிலத்தில் பத்து நிமிடம் பேசுவதைக் கேட்க இன்னொருவரை அனுப்புவது தேர்வுத் துறையால் ஆகாத காரியம் அல்ல.