தொழிலகத் தளங்களில் வானிலைக் கண்காணிப்பு: அரியலூர், பெரம்பலூர்

ஆலை, சுரங்கம் போன்ற இடங்களில் காற்றின் வேகம், திசை, வெப்பநிலை, ஈரப்பதம், மழை ஆகியவற்றைத் தொடர்ந்து அளந்து பதிவு செய்யும் ஏற்பாடு. புகைபோக்கியிலும் கல் உடைக்கும் இடத்திலும் எழும் தூசி எந்த ஊரில் போய் இறங்கும் என்பதைக் கணக்கிட இப்பதிவே ஆதாரம். அது எவ்வளவு நம்பத்தக்கது என்று சோதிப்பது தர மதிப்பீடு. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் நெருங்கி நிற்கும் அரியலூர் மாவட்டத்துக்கும் அதை ஒட்டிய பெரம்பலூருக்கும் இது தள்ளிப்போட முடியாத வேலை.

வரலாறு

இவ்வட்டாரத்துக் கல்லையும் இந்திய வானிலையையும் ஒரே மனிதர் இணைக்கிறார். 1855இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைப் பணிக்கு வந்த ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு, அன்றைய திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு மாவட்டங்களின் கிரெட்டேசியக் காலப் பாறைகளை ஆராய்ந்தார். அவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாக வகுத்தார். அறிக்கை 1862இல் வெளிவந்தது. நான்காவதாக நிணியூர்த் தொகுதியைத் தனியே பிரித்தது பின்வந்தவர்களின் வேலை. நிலவியலை விட்ட பிளான்போர்டு கல்கத்தா பிரசிடென்சி கல்லூரி ஆசிரியரானார். 1864ஆம் ஆண்டின் கல்கத்தா புயலை ஆராய்ந்து எழுதினார். 1875இல் இந்திய வானிலைத் துறை தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவரே. இமயமலைப் பனியைக் கொண்டு பருவமழையை முன்கூட்டிச் சொல்லும் முயற்சியும் அவருடையது. மாகாணத்துக்கு ஒரு விதமாக நடந்துவந்த அளவீடுகள் அவர் காலத்தில்தான் ஓர் ஒழுங்குக்குள் வந்தன. ஆலைகளின் பதிவேடுகளைப் புரட்டுவோருக்கு அந்த ஒழுங்கின் அருமை தெரியும்.

இவ்வட்டாரத்துச் சிமென்ட் ஆலைகளில் டால்மியாபுரம் ஆலை 1939இலும், அரியலூர் அரசு சிமென்ட் ஆலை 1979இலும் உற்பத்தியைத் தொடங்கின. ரெட்டிப்பாளையம், ஆலத்தியூர், தளவாய், கீழப்பழுவூர், கோவிந்தபுரம் ஆலைகள் பிறகு எழுந்தவை.

மதிப்பிடும் முறை

முதலில் பார்க்க வேண்டியது கருவி நிற்கும் இடம். காற்றுமானி திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அருகிலுள்ள தடை எவ்வளவு உயரமோ அதைப்போல் 10 மடங்கு தூரம் தள்ளியிருக்க வேண்டும். சிமென்ட் ஆலையின் நூறு மீட்டர் ப்ரீஹீட்டர் கோபுரத்துக்கு இக்கணக்கைப் போட்டால் ஒரு கிலோமீட்டர் விலக வேண்டிவரும். மொட்டை மாடியில் நிறுத்திய கருவி அந்தக் கட்டடம் திருப்பிவிடும் காற்றைத்தான் அளக்கும்.

அடுத்தது பராமரிப்பு. சிமென்ட் தூசியும் ஈரமும் சேர்ந்தால் இறுகிவிடும். மழைமானியின் புனல் அடைபட்டுப் போனால் கொட்டித் தீர்த்த மழை ஏட்டில் தூறலாக நிற்கும். பேரிங் தேய்ந்த காற்றுமானி, மார்கழி விடியலின் மெல்லிய காற்றைக் ‘காற்றே இல்லை’ என்று காட்டும். தூசி தரையோடு தங்குவது அந்த நேரத்தில்தான் என்பதால் இப்பிழை கணக்கையே கெடுக்கும். வினாடிக்கு 0.5 மீட்டர் வேகத்திலேயே கருவி சுழலத் தொடங்க வேண்டும், ஒவ்வொரு காலாண்டிலும் 90 சதவீதப் பதிவு செல்லத்தக்கதாக இருக்க வேண்டும் என்பவை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அளவுகோல்கள். சதவீதத்தை மட்டும் பார்ப்பது போதாது. விடுபட்ட மணிகள் எல்லாம் ஐப்பசி அடைமழையில் மின்சாரம் போன மணிகளாக இருந்தால், தேர்ச்சி பெற்ற பதிவும் பயனற்றதே.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது பதிவு செய்த காலம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பருவமழை தவிர்த்த ஒரு பருவத்தின் தரவை ஏற்கிறது. இங்கோ ஆடியில் மேலைக்காற்று, ஐப்பசிக்குப் பின் வாடைக்காற்று. தூசி விழும் ஊர் பருவத்துக்குப் பருவம் மாறும். எனவே முழு ஆண்டுப் பதிவே சரியான அடிப்படை. இடமும் பொருந்த வேண்டும்: காவிரிக்கரைத் திருச்சியின் காற்றுப் பதிவு, பச்சைமலைக்குக் கிழக்கே கிடக்கும் பெரம்பலூருக்கு அப்படியே பொருந்தாது.

இன்றைய நிலை

சிமென்ட் ஆலைகளின் புகைபோக்கி அளவீடுகள் இணையவழியே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் செல்கின்றன. தானியங்கி வானிலை நிலையங்களும் பரவலாகிவிட்டன. ஆனால் வானிலைத் துறையின் மழைக் கணக்கு நாள் காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் 8.30க்கு முடிகிறது, கணினிப் பதிவு பெரும்பாலும் நள்ளிரவில் நாளை மாற்றுகிறது. இரண்டையும் ஒப்பிடுவோர் முதலில் மணியைச் சரிபார்க்க வேண்டும்.