கண்விழிக்கும் கணிப்பொறி

கணிப்பொறியை இயக்குங்கால், புறத்தே இணைத்த வட்டு தோன்றாவிடின், "வட்டு கெட்டுப்போயிற்று" என்று உடனே முடிவு கட்டிவிடுகின்றோம். அம்முடிவு பல வேளைகளில் பொருந்தாது. ஏன் என்பதைக் கணிப்பொறியின் வரலாறே நமக்கு உணர்த்தும்.

மின்சாரம் நின்றதும் கணிப்பொறியின் வேலை நினைவகம் வெறுமையாகிவிடும். மீண்டும் இயங்க அதற்கு ஆணைத்தொடர் வேண்டும். அவ்வாணைத்தொடரைப் படித்தெடுப்பதற்கும் ஓர் ஆணைத்தொடர் வேண்டும்! இச்சிக்கலை 1952-ஆம் ஆண்டில் அறிமுகமான ஐ.பி.எம். 701 என்னும் பொறி ஒரு பொத்தானால் தீர்த்தது. அதனை அழுத்தியதும், துளையட்டையிலிருந்தோ நாடாவிலிருந்தோ பொறி சிறிதளவு படிக்கும். அச்சிறு பகுதி எஞ்சியவற்றை அழைத்து வரும். தன் காலணி வாரைத் தானே பற்றித் தன்னைத் தூக்கிக்கொள்ளுதல் என்னும் ஆங்கில வழக்கிலிருந்தே இச்செயலுக்கு 'பூட்' என்ற பெயர் வந்தது.

1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். தனிக் கணிப்பொறியில், அம்முதல் ஆணைத்தொடர் அழியாத சில்லு ஒன்றில் பொறிக்கப்பட்டிருந்தது. அதுவே பயாஸ். நெகிழ்வட்டின் முதற்பகுதியாகிய 512 பைட்டுகளைப் படித்து, மேற்கொண்டு நடத்தும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்தது. ஆனால் தான் அறிந்த வாயில்களை மட்டுமே அது தட்டிப் பார்க்கும். யூ.எஸ்.பி. என்னும் இணைப்பு முறையின் முதல் விதிகள் 1996-இல் வெளியாயின. இன்டெல் நிறுவனத்தில் அப்பணிக்கு முன்னோடியாய் நின்றவர், இந்தியாவிற் பிறந்து பரோடாவில் கற்ற அஜய் பட். ஆயினும் பழைய பயாஸ்கள் பல அப்புதிய வாயிலிலுள்ள வட்டை அறியவில்லை; இயக்க முறைமை எழுந்த பின்னரே அவ்வட்டு தோன்றிற்று.

ஆகவே, ஆராயும் முறையும் இவ்வரிசையிலேயே அமைதல் வேண்டும். முதலாவது மின்சாரம். யூ.எஸ்.பி. 2.0 வாயிலின் வழக்கமான அளவு 500 மில்லி ஆம்பியர். சுழலும் வட்டு புறப்படுங்கால் அதற்கு மேலும் வேண்டுவதுண்டு. வேறு வாயிலையும் வேறு கம்பியையும் கொண்டு சோதித்தல் நன்று. இரண்டாவது பயாஸ் திரை. அங்கு வட்டின் பெயர் தோன்றுமாயின், குறை பெரும்பாலும் கம்பியில் இல்லை. வட்டு இணைந்திருக்கும்போது மட்டும் பொறி எழாமல் நிற்குமாயின், தொடக்க வரிசையில் புறவட்டு முன்னிற்கின்றதோ என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, வட்டில் கோப்புகளை எழுதிய முறை.

பேரிழப்புக்கு இடமாவது இம்மூன்றாவதே. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தின் மடிக்கணினிகளில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. லினக்ஸ் முறையில் எழுதிய வட்டை விண்டோஸ் தானாகப் படிப்பதில்லை, "ஃபார்மேட் செய்யவா?" என்று வினவும். சிந்தியாது இசைந்தால், கோப்புகளின் அட்டவணை அழியும்.

எங்கள் திருப்பரங்குன்றத்து மலைக்குகையில் ஈராயிரம் ஆண்டளவு பழைமையான தமிழ்பிராமி எழுத்துகள் உள்ளன. பாண்டிநாட்டுக் குகைகளின் இத்தகைய எழுத்துகள் நெடுங்காலம் பொருள் விளங்காது கிடந்தன. அவற்றின் மொழி தமிழே என்று 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். படிக்க இயலவில்லை என்பதற்காக எவரேனும் அப்பாறையைச் செதுக்கி வழித்திருப்பின், நாம் இழந்திருப்பது எத்துணை! உங்கள் வட்டையும் அவ்வாறே எண்ணுங்கள். படிக்கத் தெரிந்த பொறி ஒன்று கிடைக்கும்வரை, அதனை அழியாது காத்திருங்கள்.