புதிய பாகத்தை ஐயுறுதல்

பெட்ரோல் காரின் வரலாற்றை எழுதுவோர் எஞ்சினின் ஆற்றலையும் உடற்கட்டின் அழகையும் பேசுமளவுக்கு டிஸ்ட்ரிபியூட்டரைப் பேசுவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய கணத்தில் மின்பொறியைப் பகிர்ந்தளித்த கருவி அது. அதன் பழுதைக் கண்டறிந்த முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் மிகக் கடினமான இடம், பழுதுக்குத் தீர்வாக மாட்டிய புதிய பாகமே பழுதாக இருக்கும் இடம்.

1908இல் வெளிவந்த ஃபோர்டின் 'மாடல் டி' காரில் நான்கு சிலிண்டர்களுக்கு நான்கு தனித்தனிக் காயில்கள் ஒரு பெட்டிக்குள் வரிசையாக நின்றன. ஒரு சிலிண்டர் சுணங்கினால் அதற்குரிய காயிலைப் பக்கத்துக் காயிலுடன் இடம் மாற்றிவைத்துப் பார்க்கலாம். சுணக்கமும் உடன் இடம்பெயர்ந்தால் குற்றவாளி அந்தக் காயில்தான். இந்த எளிய தர்க்கமே பின்வந்த சோதனைகள் பலவற்றுக்கும் அடிப்படை.

ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய பேட்டரி இக்னிஷன், 1910ஆம் ஆண்டு மாடல் கேடிலாக் கார்களில் இடம்பெற்றது. 1912 மாடலில் அவருடைய செல்ஃப் ஸ்டார்ட்டரும் சேர்ந்துகொள்ள, காரில் பேட்டரி நிலைபெற்றது. பின்னர் பரவலான அமைப்பில் காயில் ஒன்றே. அது தரும் உயர் மின்னழுத்தத்தை, மூடிக்குள் சுழலும் ரோட்டார் ஒவ்வொரு வயருக்கும் முறைவைத்து வழங்கியது. நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு நொடிக்கு 100 பொறிகள் வேண்டும்.

செலவு குறைந்தது, சோதனை சிக்கலாயிற்று. இதிலிருந்து மெக்கானிக்குகள் ஒரு பகுப்பை வகுத்துக்கொண்டார்கள். ஒரு சிலிண்டர் மட்டும் 'மிஸ்' அடித்தால் மூடி, வயர், பிளக் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒருசேரத் தடுமாறினால் காயில், பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

இம்மரபை நம் நாட்டில் நெடுங்காலம் காத்த கார்களுள் அம்பாசிடர் ஒன்று. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அது, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரானது. கார்களுக்கான மின்பாகங்களைச் செய்ய 1961இல் லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கப்பட்டு, சென்னைப் பாடியில் தொழிற்சாலை எழுந்தது. சாலையோரத்திலேயே பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்து வண்டியைக் கிளப்பிவிடும் கைகள் ஊர்தோறும் இருந்தன.

அத்தகைய கைகளையும் ஏமாற்றவல்லது புதிய பாகம். புதிய கண்டென்சரோடு குளிர்ந்த எஞ்சின் ஒழுங்காகக் கிளம்பும், சூடேறியதும் நின்றுவிடும், ஆறியபின் மீண்டும் ஓடும். பார்ப்பவர் பெட்ரோல் பம்பையும் கார்புரேட்டரையும் கழற்றுவார். கண்டென்சரை நேற்றுத்தானே மாற்றினோம் என்ற நினைவு அதன்மேல் ஐயம் விழாமல் காத்துவிடும். பொறி வலுவிழந்திருப்பதும் பாயிண்டின் முகம் விரைவில் கருகுவதும் சாட்சி சொல்லும். ஆனால் அங்கே பார்வை செல்ல வேண்டுமே.

ரோட்டாருக்கு வேறொரு சோதனை. மூடியைக் கழற்றிவிட்டு, காயிலின் தடித்த வயரைக் காப்புள்ள இடுக்கியால் பிடித்து, ரோட்டாரின் மேற்தகட்டுக்கு மிக அருகே நிறுத்தி ஸ்டார்ட்டரைச் சுழற்றுவது. நல்ல ரோட்டாரில் மின்சாரத்துக்குப் போக வழியில்லை. விடாமல் பொறி பாய்ந்தால் உள்ளே காப்பு உடைந்து மின்சாரம் தண்டுக்கு இறங்குகிறது என்று பொருள். புத்தம்புதிய ரோட்டாரும் இச்சோதனையில் தோற்பதுண்டு.

ஆயினும் புதியதை எடுத்த எடுப்பில் குற்றஞ்சாட்டுவதும் நீதியன்று. முழு டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றியிருந்தால், முதல் சிலிண்டர் அமுக்க வீச்சின் உச்சியை நெருங்கும்போது ரோட்டார் அதன் வயரை நோக்குகிறதா, வயர்கள் 1-3-4-2 போன்ற உரிய வரிசையில் உள்ளனவா, டைமிங் சரியா என்று முதலில் தேர வேண்டும். இவையெல்லாம் சரியாக இருந்தும் வேகம் கூடும்போது மட்டும் வண்டி இழுக்கவில்லை என்றால், உள்ளிருக்கும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் அந்த எஞ்சினுக்கு உரியவை அல்ல என ஐயுறலாம்.

1980களிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாத இக்னிஷன் பரவியது. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து, மிஸ் அடிக்கும் சிலிண்டரைக் கணினியே எண்ணிட்டுச் சொல்லலாயிற்று. பழைய கார்களைப் பேணுவோரோ இன்று பிற்காலத்தில் வார்த்தெடுத்த நகல் பாகங்களையே பெரிதும் நம்பியிருக்கிறார்கள். தரம் பார்க்கும் பொறுப்பின் ஒரு பகுதி, வாங்குபவரின் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

ஆகவே கழற்றிய பழைய பாகம் ஓரளவேனும் ஓடிக்கொண்டிருந்ததாயின், அதனை எறியாதிருப்பதே அறிவு. ஐயம் வரும்போது அதை மீண்டும் மாட்டிப் பார்க்கலாம். வண்டி முன்போல் ஓடினால் புதியதைப் பற்றிய தீர்ப்பு அதுவே. மாடல் டி காரின் காயில் பெட்டியருகே தொடங்கிய அத்தர்க்கம் இன்றும் செல்லுபடியாகிறது.