ஒரே தாய், ஒரே தந்தை... ஆனா ஆமைக்குஞ்சுகள் மட்டும் ஏன் ஒண்ணு போல ஒண்ணு இல்ல?

சுவிட்சர்லாந்தின் செர்வியான் ஊரில் உள்ள ஒரு உயிரியல் பூங்காவில், 2022 மே மாதத் தொடக்கத்தில் இரண்டு கலாபகோஸ் ராட்சத ஆமைக்குஞ்சுகள் பிறந்தன. ஒண்ணு வழக்கம்போல கருப்பு. இன்னொண்ணு பால் வெள்ளை, கண் சிவப்பு! இரண்டுக்கும் பெற்றோர் ஒண்ணுதான். அந்தப் பெற்றோரும் சாதாரண நிறம்தான். அப்புறம் எப்படி?

அந்த வெள்ளைக் குஞ்சு ஒரு அல்பினோ. கருப்பு நிறத்தைத் தரும் மெலனின் அதன் உடலில் உருவாகவில்லை. இதற்குக் காரணமான மரபணு, தாய், தந்தை இருவரிடமும் ஒளிந்தே இருக்கும், வெளியே தெரியாது. இருவரும் அதையே கொடுத்தால்தான் குஞ்சு வெள்ளையாகும். அதுக்கான வாய்ப்பு ஒவ்வொரு முட்டைக்கும் நாலில் ஒண்ணு. மற்றபடி பக்கத்து முட்டையில் வளரும் குஞ்சு கருப்பாகத்தான் வரும்.

இது அபூர்வம். ஆனா ஒரே குழியில் இருந்து வரும் சாதாரண ஆமைக்குஞ்சுகளும் அச்சு அசலா ஒண்ணு போல இருக்காது. நம்ம ஊர் வறண்ட புதர்க்காடுகளில் வாழும் நட்சத்திர ஆமையையே எடுத்துக்கோங்க.

பிறக்கும்போது அதன் முதுகில் நட்சத்திரமே சரியா இருக்காது. ஓட்டின் ஒவ்வொரு கட்டத்திலும் மஞ்சள் திட்டும் சில கோடுகளும் மட்டும் தெரியும். ஓடு வளர வளர கட்டத்தின் ஓரத்தில் புது அடுக்கு சேரும், கோடுகளும் நீளும். எத்தனை கோடு, எவ்வளவு தடிமன், எங்கே கிளை பிரியும் என்பது குஞ்சுக்குக் குஞ்சு மாறும். நம்ம கைரேகை மாதிரின்னு வச்சுக்கலாம். ஓட்டைப் படம் எடுத்து வைத்தே ஒரு ஆமையை அடுத்த முறை அடையாளம் காண முடியும்.

முட்டைக்குள்ளேயே நடக்கும் மாற்றம்

எல்லாத்துக்கும் மரபணு மேல பழி போட முடியாது. ஆமை முட்டையை மண்ணுக்குள் புதைச்சுட்டுப் போயிடும், அடைகாக்காது. சூடும் ஈரமும் மண்ணைப் பொறுத்தது. நட்சத்திர ஆமையில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதையே இந்தச் சூடுதான் தீர்மானிக்கிறது: சூடு குறைந்தால் பெரும்பாலும் ஆண், கூடினால் பெண்.

ஓட்டையும் அது விட்டு வைக்காது. வழக்கமா முதுகின் நடுவில் 5 கட்டம், இருபக்கமும் நாலு நாலு கட்டம் இருக்கும். அதிகச் சூட்டிலோ காய்ந்த மண்ணிலோ கரு வளர்ந்தால் ஒரு கட்டம் கூடலாம், கோணலாகலாம். பார்க்க விசித்திரமா இருக்கும், அவ்வளவுதான். பெரும்பாலும் அது நோய் இல்லை, வேறு இனமும் இல்லை.

இன்னொரு சுவாரசியமும் உண்டு. பெண் ஆமைகளால் ஆணின் விந்தணுவை உடலுக்குள் நீண்ட காலம் சேமித்து வைக்க முடியும். அதனால் சில ஆமை இனங்களில் ஒரே தடவை இட்ட முட்டைகளுக்கு இரண்டு தந்தைகள் இருப்பது டிஎன்ஏ சோதனையில் தெரிய வந்திருக்கு. 'ஒரே பெற்றோர்'னு நாம நினைப்பதே சில நேரம் தப்பு!

இதெல்லாம் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?

விமான நிலையங்களில் பெட்டிக்குள் துணி சுற்றி, டேப் ஒட்டிக் கடத்தப்படும் நட்சத்திர ஆமைகள் பற்றிய செய்தியை அடிக்கடி பார்க்கிறோம். பிடிபட்ட ஆமைகளைத் திரும்பக் காட்டில் விடணும். எந்தக் காட்டில்? இந்த ஆமை தென்னிந்தியா, குஜராத் - ராஜஸ்தான் பக்கம், இலங்கை, பாகிஸ்தான் என்று தனித்தனிப் பகுதிகளில் வாழ்கிறது. இடத்துக்கு இடம் மரபணுவில் வித்தியாசம் உண்டு. கண்டபடி கலந்து விட்டால் அந்தந்த ஊர் ஆமைகளின் தனித்தன்மை போயிடும், நோயும் பரவலாம்.

'ஓட்டைப் பார்த்தா எந்த ஊர்னு தெரியாதா?' என்று கேட்கலாம். உடன்பிறப்புகளே இவ்வளவு மாறும்போது, தோற்றத்தை மட்டும் நம்பிச் சொல்வது கஷ்டம். சிங்கப்பூருக்குக் கடத்தப்பட்டு மீட்டுக் கொண்டுவரப்பட்ட நட்சத்திர ஆமைகளின் பூர்வீகத்தைத் தேட, ஹைதராபாத்தின் சிசிஎம்பி விஞ்ஞானிகள் டிஎன்ஏவைத்தான் நாடினார்கள். 2006-ல் அந்த ஆய்வு வெளியானது.

வீட்டில் வளர்த்தால் ஓடு இன்னும் மாறும். நட்சத்திர ஆமைக்கு இயல்பிலேயே கொஞ்சம் மேடு உண்டுதான். ஆனா குஞ்சுப் பருவத்தில் காய்ந்த சூழலில் வளர்ந்தால் ஒவ்வொரு கட்டமும் கோபுரம் மாதிரி துருத்தும், அது பிறகு சரியாகாது. சிலர் அதையே 'அழகு'ன்னு நினைக்கிறாங்க!

1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி நட்சத்திர ஆமையைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். 2019-ல் இதன் சர்வதேச வணிகத்துக்கும் உச்சபட்சக் கட்டுப்பாடு வந்துவிட்டது. வழியில் ஒண்ணைப் பார்த்தால் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக வேண்டாம், தூரமா வேறு காட்டில் கொண்டுபோய் விடவும் வேண்டாம். அடிபட்டிருந்தாலோ யாராவது விற்றாலோ வனத்துறைக்குச் சொல்லுங்க. நல்லா இருந்தால், சாலையைக் கடக்கும் ஆமையை அது போகும் திசையிலேயே ஓரமா விட்டால் போதும்.