கிறுகிற வெளிச்சம்

மட்டக்களப்பில "திரும்பு" எண்டு சொல்லுறவங்களை விட "கிறுகு" எண்டு சொல்லுறவங்கதான் கூட. சந்தியில கிறுகு, கடைக்கு அங்கால கிறுகு, வந்த வழியாலயே கிறுகிப் போ. கார் பிறந்த நாளிலிருந்தே அதன் சக்கரத்துக்குக் கிறுகத் தெரியும். அதன் முன்விளக்கு கிறுகப் பழக அரை நூற்றாண்டு எடுத்தது. எதிரே வாறவருடைய கண் கூசாமல் தானாகவே பணியப் பழக அதைவிடக் கூடக் காலம் எடுத்தது. இந்தக் கட்டுரை அந்த விளக்கின் கதை. படுவான்கரை ரோட்டில ராத்திரியில சைக்கிள் மிதிக்கிறவங்களுக்கும் இதில ஒரு பங்கு இருக்கு.

ஏன் படுவான்கரை? எங்கட வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளமானது. கிழக்கே சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, மேற்கே சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில வீதி நெடுக வீடு, கடை, வெளிச்சம். பாலத்தால அங்கால இறங்கினா வயலும் இருட்டும். முந்தி மண்முனையில வாகனங்கள் 'பாதை'யில ஏறித்தான் வாவியைக் கடக்கணும். வெளியூர் ஆட்களுக்குப் பாதை எண்டா வழி, எங்களுக்கு அது வாகனம் ஏத்துற படகு. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. பாலத்துக்கு இரவு பகல் கிடையாது. இருட்டிய பிறகும் வாகனம் வரும், அந்த வாகனத்தோட அதன் வெளிச்சமும் வரும்.

இனி விளக்கின் கதைக்கு வருவம்.

ஆரம்பகாலக் கார்களில எண்ணெய் விளக்கும் அசற்றலீன் விளக்கும்தான் இருந்தன. கல்சியம் கார்பைட்டில சொட்டுச் சொட்டாகத் தண்ணி விழ, வாயு கிளம்பி எரியும். 1912இல் கடிலாக் நிறுவனம் மின்சார ஸ்டார்ட்டரையும் மின்விளக்கையும் ஒரே தொகுதியாகப் பொருத்தியது. வெளிச்சம் கூடக் கூட ஒரு புதுப் பிரச்சினை வந்தது. எனக்கு ரோடு தெரியுது, ஆனா எதிரே வாறவனுக்கு ஒண்டும் தெரியல்ல.

இதற்குக் கிடைத்த முதல் நல்ல விடை 1920களின் நடுவில் ஜெர்மனியின் ஒஸ்ராம் நிறுவனம் கொண்டு வந்த பிலக்ஸ் பல்ப். ஒரே பல்புக்குள்ள ரெண்டு இழை. ஒன்று தூரத்துக்கு, மற்றது கிட்டத்துக்கு. கிட்டத்து இழைக்குக் கீழே சின்னதா ஒரு தகடு, மேல் நோக்கிப் போற வெளிச்சத்தை மறைக்கும். நாங்கள் "டிம் பண்ணு" எண்டு சொல்லுறது இந்த இழை மாற்றத்தைத்தான். 1957இல் ஐரோப்பாவில் அடுத்த படி வந்தது. டிம் வெளிச்சத்தின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கத் தேவையில்ல எண்டு முடிவெடுத்தாங்க. எதிர்வாகனம் வாற பக்கம் வெளிச்சம் தாழும், ரோட்டு ஓரத்துப் பக்கம் கொஞ்சம் உயரும். இலங்கையில நாங்க இடது பக்கம் ஓடுறதால, எங்கட வாகனத்தில் உயர வேண்டியது இடது பக்கம். சுவருக்கு முன்னால காரை நிப்பாட்டி லைட்டைப் போட்டுப் பாருங்க. வெளிச்சத்தின் மேல் விளிம்பு இடது பக்கம் சரிந்து ஏறும்.

ஆனா இதெல்லாம் நேரே பார்க்கிற விளக்குகள். ரோடு வளையும்போது கார் வளையும், வெளிச்சம் மட்டும் நேரே வயலுக்குள்ள போய் விழும். 1930களில் செக் நாட்டு டாட்ரா கார்களில், ஸ்டீரிங்கோட சேர்ந்து கிறுகுற நடுவிளக்கை முயற்சி செய்தாங்க. 1948இல் அமெரிக்காவில் வந்த டக்கர் காரிலும் நடுவில மூன்றாவது விளக்கு ஒன்று இருந்தது. ஸ்டீரிங் பத்துப் பாகைக்கு மேல் போனால் அதுவும் கூடவே கிறுகும். அந்தக் காரில் மொத்தமே 51தான் செய்யப்பட்டன. 1967இல் பிரான்ஸின் சிற்றோவன் டிஎஸ் கார் இதைச் சாதாரண ரோட்டுக்குக் கொண்டு வந்தது. உள்பக்கத்து இரண்டு விளக்குகளும் கம்பி இணைப்பால் ஸ்டீரிங்கோட கிறுகும். வெளிப்பக்கத்து விளக்குகள், கார் முன்னே குனிந்தாலும் பின்னே அமுங்கினாலும் மட்டத்தை விடாது. கணினி எதுவும் கிடையாது, கம்பியும் நெம்புகோலும்தான். அமெரிக்காவில் விற்ற டிஎஸ்ஸில் கிறுகிற விளக்கு இல்ல, அங்கத்தைய சட்டம் அதை ஏற்கல்ல.

தானாக டிம் ஆகுற விளக்கின் வழி வேறு. 1952இல் ஜெனரல் மோட்டோர்ஸ் 'ஓட்ரோனிக் ஐ' என்ற கருவியைக் கொண்டு வந்தது. டாஷ்போர்ட்டின் மேல் ஒரு ஒளிமின் குழாய். எதிர் வெளிச்சம் பட்டால் விளக்கு தானாக டிம் ஆகும். யோசனை நல்லது, ஆனா அந்தக் கண்ணுக்குத் தெரிஞ்சது வெளிச்சம் மட்டும்தான். வாறது என்ன வாகனம், எந்தப் பக்கத்தால வருது எண்டு அதுக்கு விளங்காது.

இன்றைய விளக்குக்கு விளங்கும். முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற கமரா, வெள்ளை வெளிச்சம் ரெண்டைக் கண்டால் எதிர்வாகனம் எண்டும், சிவப்பைக் கண்டால் முன்னால போற வாகனம் எண்டும் கணிக்கும். ஸ்டீரிங் கோணம், வேகம், வாகனத்தின் சாய்வு எல்லாம் கணினிக்குப் போகும். 2013இல் அவுடி ஏ8 காரில் ஒவ்வொரு முன்விளக்கிலும் தூர வெளிச்சத்துக்கு 25 எல்ஈடிகள் இருந்தன. எதிரே ஒருவர் வந்தால், அவர் இருக்கிற திசைக்குரிய எல்ஈடிகள் மட்டும் அணையும். அவரைச் சுத்தி ஒரு நிழல் பெட்டி, மற்ற இடமெல்லாம் முழு வெளிச்சம். பிறகு மெர்சிடிஸ் ஒரு விளக்குக்குள் சுமார் 13 இலட்சம் நுண்கண்ணாடிகளை வைத்தது. 2007இல் ஐக்கிய நாடுகளின் வாகன விதிகள் கிறுகும் விளக்குக்குத் தனி விதி எழுதின. தானாக வெட்டிவிடும் இந்தத் தூர வெளிச்சத்தை அமெரிக்கா ஏற்றது 2022இல்தான்.

இதுவரைக்கும் பொறியியல். இனி எங்கட பக்கம்.

டிம் பண்ணுறது எண்டா என்ன? எதிரே ஒரு மனுசன் வாறான் எண்டு ஒத்துக்கொள்ளுறது. கனகாலம் இது கைப்பழக்கமாகவும் மரியாதையாகவும் மட்டுமே இருந்தது. 1924இல் கட்டின கல்லடிப் பழைய பாலத்தை நினைச்சுப் பாருங்க. குறுகிய இரும்புப் பாலம். ஒரு பக்கத்து வாகனம் காத்து நிண்டாத்தான் மற்றப் பக்கத்து வாகனம் வரலாம். அந்த மாதிரி இடத்தில லைட்டுதான் பாஷை. பிறகு யுத்தம் வந்தது. ராத்திரியில சோதனைச் சாவடிக்குக் கிட்டப் போனா ஹெட்லைட்டைத் தணிச்சு, உள்லைட்டைப் போடணும். உள்ளே இருக்கிற முகம் வெளியே தெரியணும். இந்த ஊரில ஒரு தலைமுறைக்கு விளக்கைத் தணிக்கிறது மரியாதையில்ல, உயிர்ப் பயம். எங்கட அப்பா, மாமா வயது ஆட்களைக் கேட்டுப் பாருங்க. வளைவில தூரத்து வெளிச்சம் ஒன்றைக் கண்டதும் கை தன்பாட்டில சுவிட்சுக்குப் போன கதை சொல்லுவாங்க.

இப்ப மூன்றாவது கட்டம். யாருக்குத் தணியிறது எண்டு கமரா முடிவெடுக்குது. அந்தக் கமரா முதலில் தேடுறது விளக்கு உள்ளவரை. எதிரே கார் வந்தா வெளிச்சம் பணியும். ஆனா வயலால வீட்டுக்குப் போறவர், டைனமோ பழுதான சைக்கிளில வாறவர், பின்விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டி, ரோட்டில படுத்திருக்கிற மாடு? இவங்களில யாரும் சிவப்போ வெள்ளையோ காட்டல்ல. விலை கூடின சில வாகனங்கள் மனுசரையும் விலங்கையும் கண்டுபிடிக்கும். மற்றதுகளுக்கு அவங்க வெறும் இருட்டின் பகுதி. முழு வெளிச்சம் அவங்கட கண்ணில அடிக்கும். சாரதிக்கு அவங்களைத் தெரியலாம், அவங்களுக்கு ரோட்டின் ஓரம் தெரியாது. ஓரத்துக்கு அங்கால வாய்க்கால்.

கண் கூசினால் திரும்பத் தெளிய சில செக்கன் வேணும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில மூன்று செக்கனுக்கு ஒரு வாகனம் 50 மீற்றர் ஓடும். அந்த 50 மீற்றரும் குருட்டு ஓட்டம்.

அதைவிட மோசமான ஒன்றும் இருக்கு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில ஐந்து வருஷம் பழைய வாகனங்களே ஓடின. பழைய காருக்குப் புதுக் கண் வைக்கிற ஆசையில, ஹலஜன் பல்பைக் கழற்றி எல்ஈடி பல்ப் மாட்டுற பழக்கமும் இருக்கு. பிலக்ஸ் பல்பில் பார்த்த அந்தச் சின்னத் தகடு நினைவிருக்கா? கண்ணாடிக் கிண்ணம், இழை, தகடு மூன்றும் மில்லிமீற்றர் கணக்கில ஒன்றுக்கொன்று பொருந்திச் செய்யப்பட்டவை. வேறொரு பல்பை அதுக்குள்ள வைச்சா டிம்மின் விளிம்பு உடைஞ்சு, வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும். நூறு வருஷம் உழைச்சு எடுத்த ஒரு மரியாதை ஒரு பல்பில போயிடும்.

செலவில்லாத வேலை சிலது இருக்கு. அநேகமான காரில ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில 0 முதல் 3 வரை எழுதின சின்னச் சில்லு ஒன்று இருக்கும். பின்னுக்கு ஆட்களோ அரிசி மூட்டையோ ஏத்தினா காரின் மூக்கு உயரும், வெளிச்சமும் உயரும். சில்லைக் கூட்டினா வெளிச்சம் கீழ இறங்கும். சிற்றோவன் 1967இல் கம்பியால செய்ததை நாங்க ஒரு விரலால செய்யலாம். சைக்கிள் மட்காட்டிலயும் உழவு இயந்திரப் பெட்டியின் பின்பலகையிலயும் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுங்க. அது கமராவுக்கும் தெரியும், கமரா இல்லாத பழைய லொறிக்காரனுக்கும் தெரியும். விளக்கில்லாத ஒருவர் எதிரே நடந்து வந்தா, ஹை பீமைத் தணிச்சு, வேகத்தையும் குறைங்க. அவரிடம் திருப்பித் தணிக்க ஒரு லைட் இல்ல. அதனால முதலில் தணிய வேண்டியது நாங்கதான்.