புல் வளருது, வெட்ட ஆள் இல்லை: கோல்ஃப் மைதானங்கள் எப்படிச் சமாளிக்கின்றன?

கல்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் சுமார் 15 கி.மீ. அந்த ஈ.சி.ஆர் வழியில் ரிசார்ட்டுகளின் புல்தரை, கடைசியில் கடற்கரைக் கோயிலைச் சுற்றியுள்ள தொல்லியல் துறையின் புல்வெளி என்று பச்சைக்குப் பஞ்சமில்லை. ஐப்பசி மழை பிடித்தால் இதையெல்லாம் பராமரிப்பவர்களுக்கு ஒரே தலைவலிதான். புல் மளமளவென்று வளரும், வெட்டுற ஆள் மட்டும் அதே நாலு பேர்.

இந்தத் தலைவலி ரொம்பப் பெரிதாக இருக்கும் இடம் கோல்ஃப் மைதானம். 18 குழி கொண்ட ஒரு மைதானம் பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் இருக்கும். அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தால், நம்ம ஊர் பூங்காவுக்கும் பள்ளி மைதானத்துக்கும்கூட அது உதவும்.

எல்லாப் புல்லும் ஒரே உயரமா?

இல்லை. குழி இருக்கும் ‘கிரீன்’ பகுதியில் புல் 3 முதல் 4 மில்லிமீட்டர்தான் இருக்கணும். பந்து உருண்டு போகும் இடம் அது. நடுப்பாதையான ‘ஃபேர்வே’யில் ஒன்றரை சென்டிமீட்டர் வரை விடலாம். ஓரத்திலுள்ள ‘ரஃப்’ பகுதியில் 5 சென்டிமீட்டர் வளர்ந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

நம்ம சூட்டுக்குத் தாங்குவது பெர்முடா புல். பெயர் வெளிநாடாக இருந்தாலும் ஆள் நமக்குத் தெரிந்தவர்தான்: பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல். கிரீன்களில் போடும் ‘டிஃப்டுவார்ஃப்’ போன்ற ரகங்கள் அருகம்புல்லை அதன் ஆப்பிரிக்க உறவுப் புல்லோடு கலந்து உருவாக்கியவை. வெயிலும் ஈரமும் சேர்ந்தால் இது நிற்கவே நிற்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிரீன் சுமார் 500 சதுர மீட்டர் என்றால் 18 கிரீன்களும் சேர்ந்து 9,000. அரை மீட்டர் அகல மெஷினைத் தள்ளிக்கொண்டு நடப்பவர், திரும்பும் நேரத்தையும் சேர்த்தால் மணிக்கு 1,500 சதுர மீட்டர் முடிப்பார். ஒருத்தருக்கு 6 மணி நேர வேலை. மொத்த மைதானத்தில் இது இரண்டரை ஏக்கர்கூட இல்லை! ஆனால் சீசனில் கிட்டத்தட்ட தினமும் வெட்டணும்.

ஒரு வாரம் விட்டால் என்ன ஆகும்?

இங்கேதான் சிக்கல். ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது என்பது புல்வெளிக்காரர்களின் அடிப்படை விதி. 2 செ.மீ.யில் வைக்க வேண்டிய புல்லை 3 செ.மீ. ஆனதுமே வெட்டினால் ஒரே சுற்றில் முடிந்தது. மழையில் மெஷின் இறங்க முடியாமல் 6 செ.மீ. ஆகிவிட்டதா? முதலில் 4, சில நாள் கழித்து 2.7, அப்புறம்தான் 2. ஒரு சுற்று வேலை மூன்றாகிவிட்டது. நடுவில் அது வளர்வது தனிக் கணக்கு.

அவசரப்பட்டு ஒரேயடியாக மொட்டை அடித்தால் பச்சை இலை போய் பழுப்புத் தண்டுதான் மிஞ்சும். அந்த இடத்தில் களை புகுந்துவிடும். பாக்கி வைத்தால் வட்டி கட்ட வேண்டிய வேலை இது. செங்கல்பட்டு கடற்கரைப் பக்கம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுவதால், வட்டி மொத்தமாக ஒரே சமயத்தில் வரும்.

அப்போ என்னதான் வழி?

2020 மார்ச்சில் பிரிட்டனில் ஊரடங்கு வந்தபோது மைதானங்கள் மூடப்பட்டன. ஆனால் புல்லுக்கு ஊரடங்கு இல்லையே! விதிகளை வகுக்கும் ‘ஆர் அண்ட் ஏ’ அமைப்பும் மைதானப் பராமரிப்பாளர் சங்கமும் சேர்ந்து, மிகக் குறைந்த ஆட்களோடு எதை மட்டும் செய்யலாம் என்று வழிகாட்டுதல் கொடுத்தன. கிரீன் வாரத்துக்கு அதிகபட்சம் 3 முறை. ஃபேர்வே அதிகபட்சம் ஒரு முறை. ரஃப் எப்போதாவது. ஆள் குறைந்தால் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டுவதல்ல, எதை விடுவது என்று முதலிலேயே முடிவெடுப்பதுதான் அதன் சாரம்.

உரமும் ஒரு காரணம். யூரியாவை அள்ளிப் போட்டுவிட்டு ‘வெட்ட ஆள் பத்தல’ என்று புலம்புவதில் அர்த்தமில்லை. வளர்ச்சியை மட்டுப்படுத்தும் மருந்தைப் பெரிய மைதானங்கள் தெளிக்கின்றன. ரோபோ மெஷின்களும் வந்துவிட்டன. ஃபேர்வேக்கும் ரஃப்புக்கும் அவை சரி, பள்ளமும் சேறுமாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். கொடைக்கானல் கோல்ஃப் மைதானத்தில் காட்டுமாடுகள் இலவசமாகவே மேய்கின்றன. ஆனால் குளம்புத் தடத்தை யார் சரிசெய்வது?

ஆள் குறைந்தால் அடி விழுவது இருக்கிற ஆட்களுக்குத்தான். நாள் முழுக்க பிரஷ் கட்டர் பிடித்தால் கை மரத்துப்போகும். அது தெறிக்கவிடும் கல் கண்ணைப் பறிக்கும். மழைக்குப் பின் உயர்ந்த புல்லில் பாம்பு இருக்கலாம். கண்ணாடி, பூட்ஸ், இடையிடையே ஆள் மாற்றுவது மூன்றும் கட்டாயம்.

மாமல்லபுரத்தில் கூடுதலாக ஒரு கஷ்டம் உண்டு. 2019 அக்டோபர் 11 அன்று மோடி - ஷி ஜின்பிங் சந்திப்பை டிவியில் பார்த்தவர்களுக்கு அந்தப் பச்சைப் புல்வெளி ஞாபகம் இருக்கும். நடுவில் மெஷின் ஓட்டலாம். ஆனால் 1,300 ஆண்டு பழைய, உப்புக் காற்றில் ஏற்கெனவே அரித்த சிற்பத்தின் ஓரத்தில் சுழலும் நைலான் நரம்பைக் கொண்டுபோக முடியாது. அங்கே குத்தவைத்து உட்கார்ந்து கையால் அறுக்கத்தான் வேண்டும். அதற்கு எந்த ரோபோவும் வராது.